அழித்தெழுதும் உரிமை

1981-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஐ.பி.எம். பி.சி. கணினிக்கு இன்று மீண்டும் உயிரூட்ட விழைவோர்க்கு ஓர் அறச்சிக்கல் எழுகின்றது. ஃபிளாப்பி என்னும் நெகிழ்வட்டு இல்லையேல் அப்பொறி தன்னுட் பதித்த பேசிக் மொழியோடு நின்றுவிடும். 1983-இல் வந்த டாஸ் 2.0 வட்டின் முழுப்படி, வரிசை பிறழாத ஒரே கோப்பாக, எளிதிற் கிடைக்கின்றது. கிடைத்தற்கரியது வெற்று வட்டே. புதிய வட்டுகளின் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆகவே எவரோ எழுதிவைத்த பழைய வட்டொன்றை அழித்தே இதனை எழுத நேர்கின்றது.

எழுத்தாணி கீறிய ஓலையை அழித்தெழுத இயலாது. நம் முன்னோர்க்கு இவ்வினா எழவில்லை. காந்தப் பதிவுக்கோ அத்தடை இல்லை.

அரைகுறையாக அழித்தலும் பயன்படாது. பின்னாளில் வந்த 1.2 மெகாபைட் இயக்கியின் எழுதுமுனை குறுகியது. அது எழுதிய தடத்தின் ஓரங்களில் முந்தைய பதிவு எஞ்சிநிற்கும். பழைய இயக்கியின் அகன்ற முனை இரண்டையும் சேர்த்துப் படித்துத் தடுமாறும். பிடிவாதமான எச்சந்தான்! அவ்வியக்கியையே கொண்டு எழுதுவோர் வட்டு முழுவதையும் முதலில் காந்தத்தால் துடைத்தாக வேண்டும்.

துடைக்கப்படுவது யாருடைய கணக்கோ, யாருடைய கடிதமோ? அதனைப் படித்துப் பார்த்து, பயனற்றது எனத் தீர்ப்புக்கூற நமக்கு உரிமை உண்டா? இல்லை என்பதே என் கருத்து. அதற்காகப் பொறி உறங்கிக் கிடக்கவும் வேண்டுவதில்லை. அழிக்குமுன் அவ்வட்டிற்கும் ஒரு முழுப்படி எடுத்து, உள்ளே நோக்காது, உறைமேல் எழுதியிருந்த பெயரையே கோப்பிற்கும் இட்டுவைக்கலாம். ஒரு பகுதியேனும் படிக்க இயலாது போயின், அவ்வட்டை விட்டு வேறொன்றைத் தேடுதலே தகும்.