கேட்கப்படாத கணக்கு

2018-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள். புதுடில்லி மக்களவையின் மையப்பகுதியில் உறுப்பினர் பலர் பதாகைகளை ஏந்தி முழங்கிக்கொண்டிருந்தனர். அந்த முழக்கத்திற்கிடையே நடுவண் அரசின் 99 மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறின. எந்த ஓர் அமைச்சகத்தின் செலவு குறித்தும் விவாதம் நடைபெறவில்லை. அவ்வாண்டுச் செலவுத் திட்டத்தின் அளவு 24 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் பாதுகாப்புத் துறைக்கு, ஓய்வூதியம் நீங்கலாக, ஏறத்தாழ 2,95,500 கோடி. ஓய்வூதியத்திற்கு 1,08,000 கோடிக்கும் மேல்.

இம்முறையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவது நலம். அரசு செலவிட விரும்பும் தொகைகளை, வாக்கெடுப்பிற்கு உட்படாத செலவுகள் நீங்கலாக, மானியக் கோரிக்கைகளாக மக்களவையின் முன் வைத்து ஒப்புதல் பெறவேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் விதி. விவாதத்திற்கென ஒதுக்கிய நாள்கள் முடிந்ததும், எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தையும் அவைத்தலைவர் ஒருசேர வாக்குக்கு விடுவார். இதனைக் 'கில்லட்டின்' என்பர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துத் தலைவெட்டும் பொறியின் பெயர் அது. அமைதியான ஆண்டுகளிலும் நான்கைந்து அமைச்சகங்களே விவாதத்திற்கு வரும்; மற்றவை இப்பொறிக்குள்தான் போகும். 2018-இல் எல்லாமே போயின. நிதியாண்டு முடிய இன்னும் பதினேழு நாள்களும், கூட்டத்தொடர் முடிய மூன்று வாரங்களும் இருந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அமளி செய்தவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, அவசரப்பட்டவர்களை விட்டுவிடுவது நேர்மையாகாது.

அதற்கு முந்தைய நாள், மார்ச் 13 அன்று, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையை அவையில் வைத்திருந்தது. ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரும், தாமே படையில் தளபதியாய்ப் பணியாற்றியவருமான பி. சி. கந்தூரி அக்குழுவின் தலைவர். தரைப்படையின் அன்றைய துணைத் தலைமைத் தளபதி சரத் சந்த் குழுவின் முன் அளித்த சாட்சியம் அதில் இருந்தது. படையின் தளவாடங்களில் 68 விழுக்காடு பழையவை. 24 விழுக்காடு நடப்புக் காலத்தவை. 8 விழுக்காடே மிகப் புதியவை என்றார் அவர். புதுப்பித்தலுக்காக ஒதுக்கியது 21,338 கோடி. ஏற்கெனவே ஒப்பந்தமாகி நடந்துவரும் 125 திட்டங்கள் முதலியவற்றிற்குச் செலுத்தவேண்டியதோ 29,033 கோடி. வாங்கிய பொருளுக்கே பணம் போதாத வீட்டில் புதியது வாங்குவது எங்ஙனம்? அதற்கு முந்தைய 2017-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும், 152 வகை வெடிபொருள்களில் 61 வகை கடும் போரில் பத்து நாளுக்குக்கூடத் தாங்காது என்று எழுதியிருந்தார்.

அறிக்கை வந்த மறுநாளே ஒதுக்கீடு நிறைவேறிற்று. இடையில் ஓரிரவு.

அமளி செய்தவர்கள் எவர்? ஆந்திரத்திற்குச் சிறப்புத் தகுதி கேட்டவர்கள், வங்கி மோசடி பற்றிக் கேட்டவர்கள் எனப் பலர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற அ.தி.மு.க. உறுப்பினர்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நின்றனர். பெரம்பலூர்த் தொகுதியின் உறுப்பினரும், அரியலூரை உள்ளடக்கிய சிதம்பரம் தொகுதியின் உறுப்பினரும் அன்று அக்கட்சியினரே. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு பிப்ரவரி 16 அன்று தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. ஆறு வாரத்திற்குள் செயல்திட்டம் வகுக்குமாறு நடுவண் அரசைப் பணித்தது. வாரங்கள் கழிந்தன, திட்டம் வரவில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் வாழ்கின்ற, புள்ளம்பாடி வாய்க்காலின் கடைமடையில் நின்று நீருக்குக் காத்திருக்கின்ற நம் மக்களுக்கு இது வெற்று முழக்கமன்று. அக்கோரிக்கை நியாயமானது. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆகவே நம் முன் உள்ள வினா, நல்லோர் தீயோர் பற்றியதன்று. ஒரு நியாயமான கோரிக்கையை முன்வைப்பதற்காக, இன்னொரு நியாயமான கோரிக்கையின் வாயை அடைக்கலாமா? உழவனுக்காகப் பேசுகின்றவன், அவ்வாறு பேசுவதாலேயே, படைவீரனைப் பற்றிப் பேசும் கடமையிலிருந்து விடுபடுகின்றானா?

தடுப்பதும் ஒரு வழியே என்று வாதிடுவோர் உண்டு. நாடாளுமன்றத்தை நடக்கவிடாமல் செய்வதும் ஒருவகை ஜனநாயகமே என்ற பொருளில் 2012-இல், எதிர்க்கட்சித் தலைவராயிருந்த சுஷ்மா சுவராஜ் கூறினார். இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடல் ஆகாது. இதற்கு மிகப் பழைய வேர் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் மன்னன் போருக்குப் பணம் கேட்டபோது, முதலில் மக்கள் குறையைத் தீர்த்துவிட்டு வாரும், பிறகு பணம் தருகிறோம் என்ற நிலையை மக்களவை எடுத்தது. மன்னன் அவையைக் கூட்டாமலே பதினோராண்டு ஆண்டு பார்த்தான். கப்பற்படையின் பெயரால் வரி தண்டினான். முடிவில் அவையிடம் திரும்ப வரவேண்டியதாயிற்று. படைச்செலவைப் பிடித்துவைப்பதுதான் மக்களின் பிரதிநிதிகள் முதன்முதலில் கற்ற ஆற்றல் எனலாம். இன்றும் அமெரிக்காவில் கட்சிகளின் பிடிவாதத்தால் அரசின் பணம் உண்மையிலேயே நின்றுபோவதுண்டு. 2018 டிசம்பர் முதல் 35 நாள் அவ்வாறு நின்றபோது, அந்நாட்டுக் கடலோரக் காவல் படையினர் ஊதியமின்றிப் பணி செய்தனர்.

நம் நாட்டில் நடப்பது வேறு. இங்கே அமளியால் ஒரு காசும் நிற்பதில்லை. பெரும்பான்மை உள்ள அரசு, கேட்டதைக் கேட்டபடியே பெற்றுக்கொள்கிறது. நிற்பது கேள்வி மட்டும். தடுக்கப்படுகிறவர் அமைச்சர் என்று தடுப்பவர் எண்ணுகின்றார்; அமைச்சரோ ஒரு விடையும் கூறாமல் வீடு திரும்புகின்றார். அவர் எதிரே அமர்ந்து, '21,338 எங்கே, 29,033 எங்கே? எஞ்சிய கடனை எந்தக் கையால் அடைப்பீர்?' என்று ஒருவர் கேட்டிருந்தால் அவருக்கு வேர்த்திருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மானியக் கோரிக்கையின்மீது உறுப்பினர் எவரும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். அதில் ஒருவகை, கேட்ட தொகையில் நூறே நூறு ரூபாயைக் குறைக்கவேண்டும் என்பது. பணத்திற்காக அன்று, தம் பகுதியின் ஒரு குறிப்பிட்ட குறையை அமைச்சர் எழுந்து பதில் சொல்லும்படி செய்வதற்காகவே அந்த நூறு ரூபாய். நீர்வளத் துறையின் கோரிக்கையும் அந்த 99-இல் ஒன்று. காவிரிக்கென்றே செய்துவைத்தது போன்ற கருவி மேசைமேல் இருந்தது. அதுவும் கூச்சலோடு கூச்சலாய் அடித்துச் செல்லப்பட்டது.

அன்று நிறைவேறிய நிதி மசோதாவுக்குள் என்னென்ன இருந்தன என்பதையும் பார்ப்போம். நாடாளுமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாயிற்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில், அரசியல் கட்சிகள் பெற்றவை தொடர்பாக, 1976-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்று திருத்தம் செய்யப்பட்டது. ஓர் அநாதை இல்லத்திற்கோ மருந்தகத்திற்கோ வரும் சிறு தொகைக்கும் அச்சட்டத்தின்கீழ்ப் படிவம் மேல் படிவமாய் நிரப்பி அனுப்பும் நம் மடங்களின் கணக்கர்கள் இதை வாசித்துப் புன்னகைப்பார்கள். அவையில் விவாதம் இருந்திருந்தால் இவை குறித்து ஓரிருவராவது எழுந்திருப்பர்.

படைக்கருவிகளைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் இவ்வளவு கவலைப்படவேண்டுமா என்று சிலர் கேட்கலாம். தகுந்த வினாவே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆயுதப் போட்டியை வன்மையாகக் கண்டிக்கிறது. அது ஏழைகளைத் தாங்கவொண்ணாத அளவுக்குத் தாக்குகிறது என்கிறது. அதே ஏட்டில், நாட்டு மக்களின் பாதுகாப்பிற்காக நேர்மையுடன் படையில் பணிபுரிவோர் அமைதிக்கே தொண்டு செய்கின்றனர் என்றும் கூறுகிறது. 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், உலக நாடுகள் ஆயுதப் போட்டியை நிறுத்தி, அச்செலவில் ஒரு பகுதியையேனும் வறிய நாடுகளின் துயர் துடைக்கத் தரவேண்டும் என்று நம் மண்ணிலிருந்தே வேண்டுகோள் விடுத்தார். நம்மில் சிலர் படைச்செலவு மிகுதி என எண்ணலாம். வேறு சிலர் குறைவு என எண்ணலாம். எப்பக்கம் நின்றாலும் கேட்கவேண்டிய இடம் ஒன்றுதான். போர்வீரனின் கையில் பழைய துப்பாக்கியா என்று கேட்கவேண்டியவரும், இந்த ஆயுதம் தேவைதானா என்று கேட்கவேண்டியவரும் மார்ச் 14 அன்று ஒருசேர ஊமையாக்கப்பட்டனர். நம் பாவ அறிக்கையில் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு கடமையில் தவறுதலையும் சேர்த்தே சொல்கிறோம். பேசவேண்டியவர் பேசாதிருப்பது மட்டுமன்று, பேச முற்படுவோரைப் பேசவிடாதிருப்பதும் அக்கணக்கில் வரும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று எண்ணவேண்டாம். 1961 ஏப்ரலில் ஆச்சாரிய கிருபளானி, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனை மக்களவையில் பெயர் சொல்லிக் கடிந்தார். மேனன் இருந்து கேட்டார். 1962-இல் சீனப் படை எல்லை கடந்து வந்தபோது, இளைஞராயிருந்த வாஜ்பாய் முதலியோர் கேட்டதற்கிணங்க நாடாளுமன்றம் முன்கூட்டியே நவம்பர் 8 அன்று கூட்டப்பட்டது. போர் முடியவில்லை. எனினும் மக்களவையில் 165 உறுப்பினர்கள் பேசினர். பூட்டிய கதவுக்குள் பேசலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. அவருக்கு அது கசப்பான வாரம்.

பொறுப்புக் கூறுதல் என்றால் என்ன என்பதற்கு நம் அரியலூரைவிட அருகில் சான்று தேடவேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 150 பேரளவில் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை. வெள்ளத்தை அவர் அனுப்பவில்லை. ஆயினும் அவைக்குப் பதில் சொல்லவேண்டியவர் தாமே என்று கருதினார். அதை ஏற்ற நேரு, அரசியலமைப்பு ஒழுங்கிற்கு இது முன்மாதிரியாகும் என்ற கருத்தை நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1965 போரின்போது பிரதமராயிருந்த அதே சாஸ்திரிதான் படைவீரனையும் உழவனையும் ஒரே மூச்சில் வாழ்த்தி, 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்றார். அவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்தி, ஒருவருக்காக மற்றவரை மறக்கலாம் என்பது அவர் கண்ட வழியன்று.

ஒரு கட்சியைமட்டும் குறைகூற நாம் எழுதவில்லை. 2004-இலும் 2013-இலும் இதேபோல் எல்லாக் கோரிக்கைகளும் விவாதமின்றியே நிறைவேறின. அப்போது ஆளும் வரிசையில் இருந்தவர் வேறு, எதிர்வரிசையில் இருந்தவர் வேறு. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் அலைக்கற்றை விவகாரத்தில் ஏறத்தாழ முழுவதும் வீணாயிற்று. பெரம்பலூர் மண்ணின் மைந்தரும், அத்தொகுதியில் மும்முறை வென்றவருமான ஆ. இராசா அமைச்சர் பதவியிலிருந்து நவம்பர் 14 அன்றே விலகியும் அமளி ஓயவில்லை. ஏழாண்டு கழித்துத் தனி நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது. 2023 மார்ச் 23 அன்று நிகழ்ந்ததோ புதுமை. எதிர்க்கட்சிகள் ஒரு தொழில் குழுமம் பற்றிக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு முழங்க, ஆளுங்கட்சியினர் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று முழங்கினர். ஆள்கின்றவர்களே அமளியில் பங்கேற்க, 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம் சில நிமிடங்களில் விவாதமின்றித் தேறியது. அதில் பாதுகாப்பிற்கு மட்டும் 5.93 லட்சம் கோடி. கேள்வி கேட்கப்படாமலிருப்பதால் எவருக்கு இலாபம் என்பதை அன்று கண்கூடாகக் காண முடிந்தது.

காவிரித் திட்டம் என்னவாயிற்று? 2018 ஏப்ரல் 6 அன்று கூட்டத்தொடர் முடியும் வரை வரவில்லை. தமிழக அரசு மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட, நீதிமன்றம் கண்டித்துக் கேட்ட பிறகே, ஜூன் 1 அன்று அரசிதழில் வெளிவந்தது. அவையில் நடந்த முழக்கம் அரசுக்கு நெருக்கடி தரவே இல்லை என்று நாம் சாதிக்கமாட்டோம். ஆனால் தீர்வு வந்த வாயில் வேறு.

அந்நிதியாண்டு முடியுமுன்னரே, 2019 பிப்ரவரி 14 அன்று, புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையின் வாகன அணி தாக்கப்பட்டு 40 பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் அரியலூர் மாவட்டத்துக் கார்குடியைச் சேர்ந்தவர். அப்படை பாதுகாப்பு அமைச்சகத்தைச் சார்ந்ததன்று, உள்துறையைச் சார்ந்தது. அதன் ஊதியமும் வாகனமும் கவசமும் உள்துறையின் மானியக் கோரிக்கையில் அடங்கும். ஒரு விவாதம் நடந்திருந்தால் அந்த உயிர் தப்பியிருக்கும் என்று சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இல்லை, சொல்லவும் கூடாது. அக்கோரிக்கையும் அந்த 99-இல் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 18 அன்று, பெரம்பலூரிலும் சிதம்பரத்திலும் வாக்குப்பதிவு நடந்தது. நாடெங்கும் தேர்தல் மேடைகளில் புல்வாமாவின் பெயர் ஒலித்தது. மார்ச் 14-இன் பெயரை எந்த மேடையிலும் எவரும் எடுத்ததாக நாம் கேட்கவில்லை.