விடுமுறை யாருடைய முறை?

மே மாதத்தில் "பள்ளிக்கூடம் எப்பத் திறப்பாங்க?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். 2023இல் ஜூன் 1 என்று சொன்ன திறப்பு நாள் வெயிலால் ஜூன் 7 ஆனது. பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று மீண்டும் தள்ளிப்போனது. 2024இலும் ஜூன் 6 என்பது ஜூன் 10 ஆனது. பிள்ளைகளின் உடல்நலத்துக்காக எடுத்த முடிவு, சரியான முடிவு. தொலைக்காட்சியில் செய்தி வந்ததும் பிள்ளைகள் கூடத்தில் குதித்தார்கள். அடுப்படியிலிருந்து "இன்னும் எத்தனை நாளு?" என்று ஒரு குரல் கேட்டது. அதே வெயிலில் அடுப்பின் முன் நிற்கிறவளைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய உழைப்பால்தான் உண்டாகிறது என்றால் அந்த ஓய்வு நியாயமானதா? அந்த உழைப்பைக் கொடுப்பவர் மகிழ்ச்சியோடுதான் கொடுக்கிறேன் என்று சொன்னால் கேள்வி தீர்ந்துவிடுமா? கோடை விடுமுறை என்ற எளிய விஷயத்துக்குள் இந்த இரண்டு கேள்விகளும் இருக்கின்றன.

நான் கடலூரில் இருக்கிறேன். பிறந்த வீடு சிதம்பரம். நடுவில் நாற்பத்தைந்து கிலோமீட்டர் போலத்தான். கோடையில் இந்த இரண்டு வீடுகளும் ஒரே வீடாகிவிடும். என் பிள்ளைகள் இருவர், சென்னையிலிருந்து அண்ணன் பிள்ளைகள் இருவர், தங்கை பிள்ளைகள் மூவர். ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரை ஏழு பேர். முதல் பத்து நாள் கடலூர்: மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை, மணல் ஒட்டிய கால்களோடு வீடு. பிறகு சிதம்பரம்: கோயில், பிச்சாவரம் படகு, ஒரு நாள் வடலூர். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று கூடத்தில் எப்போதும் இருக்கும். இதற்கு நடுவில் "கத்திரி வெயிலை வீணாக்கக் கூடாது" என்று அம்மா கூழ் வடகத்துக்கும் மோர் மிளகாய்க்கும் ஆவக்காய்க்கும் நாள் குறித்துவிடுவார். பிள்ளைகள் வீட்டில் நிறையும் மாதமும், ஆண்டு முழுவதற்கும் வேண்டியதைக் காயவைத்துப் பக்குவம் செய்யும் மாதமும் ஒன்றே.

ஒரு புதன்கிழமை என்ன நடந்தது என்று குறித்து வைத்தேன். ஐந்து மணிக்கு மூன்று லிட்டர் பால். அறுபது இட்லி, இரண்டு சட்னி. ஏழு பேரின் துணி. மொட்டை மாடியில் வடகம் பிழிந்து, காக்கைக்குக் காவலாக ஒரு பிள்ளையை உட்காரவைத்து, அவன் வெயில் தாங்காமல் இறங்கிவிட்டதால் நாமே போய் உட்கார்வது. பதினொரு மணிக்கு மோர். மதியச் சாப்பாடு இரண்டு பந்தி. தூங்காத இருவரின் சண்டை. நான்கு மணிக்குப் பசி. ஆறு மணிக்குக் குளியல். இரவு தோசை, தோசைக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரம். பாய், கொசுவலை, கரண்ட் போனால் விசிறி. அம்மா, அண்ணி, நான் என்று மூன்று பெண்கள் பகிர்ந்தும் என் பங்கு அன்று பதினொன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு அண்ணன் வந்தார். "புள்ளைங்கள கடலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். அவர்கள் திரும்பி வரும்போது சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இது எங்கள் வீட்டு விவகாரம் மட்டுமல்ல. தேசிய அளவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019இல் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அது 289 நிமிடமும் 88 நிமிடமுமாக ஆனது. இருவருக்கும் வேலை கொஞ்சம் குறைந்தது. நடுவிலுள்ள வித்தியாசம் 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமானது. மிக்ஸியும் கேஸ் அடுப்பும் வேலையைக் குறைக்கும். அது யாருடைய வேலை என்பதை அவை மாற்றுவதில்லை.

"உங்களுக்கென்ன மேடம், சம்பளத்தோட லீவு" என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. விடைத்தாள் திருத்தும் நாட்கள் போக மிச்சமிருப்பது லீவுதான். ஆனால் அந்த லீவு எனக்கு வருவதற்கு முன்பே குடும்பத்தில் ஒதுக்கீடு செய்யப்பட்டுவிடுகிறது. "நீ வீட்லதானே இருப்ப" என்ற வாக்கியத்தில் அது முடிந்துவிடும். என்னைப் போலவே பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும், அரசுப் பள்ளிகளின் பகுதிநேர ஆசிரியர்களுக்கும் பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் கிடைத்ததில்லை. அவர்களுக்குக் கோடை என்பது சம்பளமில்லாத மாதமாக இருந்தது. வீட்டு வேலை மட்டும் இரட்டிப்பாகும் மாதம்.

ஆங்கிலத்தில் பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்ற சொல்லின் வேர் 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல். அதன் பொருள் ஓய்வு. சிந்திக்கவும் கற்கவும் ஓய்வு வேண்டும். ஓய்வே நல்வாழ்வின் அடிப்படை என்றார் அரிஸ்டாட்டில். அந்த ஓய்வை ஆண் குடிமக்கள் அனுபவிக்க வீட்டில் அடிமைகளும் பெண்களும் உழைத்தார்கள். அவர்களுக்கு ஓய்வு எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் இயல்பிலேயே ஆளப்பட வேண்டியவர்கள் என்று எழுதிவைத்தார். ஓய்வைப் பற்றிய தத்துவம் பிறந்த இடத்திலேயே ஓய்வைத் தயாரித்தவர்கள் கணக்கில் இல்லை.

நம் மொழியிலும் இது பதிந்திருக்கிறது. 'விடு' என்ற வினையிலிருந்து 'வீடு' வருகிறது. அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது அது விடுதலை. அதே சொல்தான் நாம் குடியிருக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. வெளியே சென்றவன் திரும்பி வந்து சுமையை விடும் இடம் அவனுக்கு வீடு. வெளியே போகாதவள், போனாலும் திரும்பியதும் அடுத்த சுமையை எடுப்பவள், அவள் எதை எங்கே விடுவாள்? 'இல்லாள்' என்றால் வீட்டுக்குரியவள். 'இல்லான்' என்றால் வீட்டுக்குரியவன் என்றல்லவா வர வேண்டும்? பொருள் இல்லாதவன் என்று வருகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். மாணவிகள் சிலர் சிரிப்பதில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் பேசினால் அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "புள்ளைங்க வந்தாதான் வீடு வீடா இருக்கு." அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி. பேரப்பிள்ளைகள் "ஆயா" என்று கூப்பிட்டுக்கொண்டே வாசலில் நுழையும்போது அந்த முகத்தில் வருவது நடிப்பு அல்ல. பெண்ணியம் பேசுகிறவர்களுக்குக் கடினமான இடம் இதுதான். ஒருத்தி மகிழ்ச்சியாக இருக்கும்போது, உனக்கு அநீதி நடக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவளுடைய அன்பைச் சிறுமைப்படுத்துவதாகாதா? அவளுக்குத் தன் வாழ்க்கை புரியவில்லை என்று நாம் தீர்ப்புச் சொல்வதாகாதா?

இதை மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். முதலாவது: மறுக்க முடியுமா? "இந்த வருஷம் முடியாது, எனக்கு ஒரு மாதம் ஓய்வு வேண்டும்" என்று ஒரு பாட்டி சொன்னால் உறவில் அவளுக்கு என்ன பெயர் கிடைக்கும்? மறுத்தால் அன்பை இழக்க வேண்டும் என்ற நிலையில் கொடுக்கும் சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. இரண்டாவது: இது அவ்வளவு பெரிய இன்பம் என்றால் ஆண்கள் ஏன் இதை நமக்கு விட்டுக்கொடுத்தார்கள்? நிலம், பதவி, கோயில் முதல் மரியாதை எதையும் எளிதில் விட்டுக்கொடுக்காதவர்கள் தோசைக்கல்லை மட்டும் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது: வேலையைப் பகிர்ந்தால் அந்த மகிழ்ச்சி குறையுமா? அம்மாவின் மகிழ்ச்சி பிள்ளைகள் அருகில் இருப்பதில் இருக்கிறது. எழுபது தோசை வார்ப்பதில் இல்லை. தோசைக்கல்லின் முன் நிற்கும் நேரத்தில் அவர் பிள்ளைகளோடு இருப்பதே இல்லை. அன்பும் உழைப்பும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால், உழைப்பைக் குறை என்றால் அன்பைக் குறை என்று கேட்கிறது. அந்த முடிச்சை அவிழ்ப்பது அன்புக்கு எதிரானது அல்ல.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் அந்த அணையா அடுப்பைக் காட்டுவோம். பசியைத் தீர்ப்பதே முதல் அறம் என்று சொல்லிக்கொடுப்போம். அடுப்பு அணையாமல் இருக்கக் காரணம், பல கைகள் மாறி மாறி அதைப் பார்த்துக்கொள்வது. அரிசி கொடுத்தவர்களுக்கு நன்றி உண்டு, சமைப்பது அங்கே தொண்டு. நம் வீடுகளிலும் கோடையில் அணையாத அடுப்பு எரிகிறது. அங்கே கை மாறுவதில்லை. அதற்கு அறம் என்ற பெயரும் இல்லை. பசியாற்றுவது பொதுவில் நடந்தால் அறம், வீட்டில் பெண் செய்தால் இயல்பு என்பதை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

நான் சொல்லிக்கொண்டிருப்பது வசதியுள்ள வீட்டின் கோடை. பண்ருட்டிப் பக்கம் கோடை என்றால் முந்திரி. கொட்டை பொறுக்குவதும் உடைப்பதும் தோல் உரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். விரல் நுனிகள் கறுத்திருக்கும். அரசுப் பள்ளியில் 1982 முதல் விரிவாக நடக்கும் சத்துணவும், 2022இல் தொடங்கி 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவும் அந்தத் தாய்மார்களுக்கு வேலை நாளில் பெரிய ஆறுதல். விடுமுறையில் இரண்டும் நின்றுவிடும். அவர்களின் வேலை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. பிள்ளைகள் தாயோடு தோப்புக்குப் போவார்கள், அல்லது பத்து வயதுப் பெண் வீட்டிலிருந்து தம்பியைப் பார்த்துக்கொள்வாள். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989இன் குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்கிறது; இந்தியா 1992இல் அதை ஏற்றது. அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்கு விடுமுறை என்பது அம்மாவின் வேலையைப் பழகும் வகுப்பு. அவள் வயதுப் பையன் அதே கோடையில் வீடு தானாகவே நடக்கும் என்று கற்றுக்கொள்கிறான். கேரளத்தில் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் இருக்கிறது. நல்ல படம். ஆனால் பள்ளி மூடியிருக்கும் மாதத்தில்தான் இந்தப் பாடம் உண்மையில் நடக்கிறது.

என்ன செய்யலாம்? ஐஸ்லாந்துப் பெண்கள் 1975 அக்டோபர் 24 அன்று வீட்டிலும் வெளியிலும் வேலையை நிறுத்தினார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பெண்கள். அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துப்போனார்கள். ஒரு நாள் நிறுத்தினால் எல்லாருக்கும் கண்ணில் படும். மறுநாளுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கான சொல் 'விடுமுறை'யிலேயே இருக்கிறது. முறை என்றால் உறவு. முறை என்றால் நீதி. முறை என்றால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வருவது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதி காவிரியின் கடைமடை. தண்ணீர் குறைந்தால் இங்கே முறை வைப்பார்கள். மேல்மடைக்காரருடைய நல்ல மனசை நம்பிக் கடைமடைக்காரர் இருப்பதில்லை; இன்னின்ன நாள் இன்னாருக்கு என்று வைத்துவிடுவார்கள். ஓய்வு என்ற தண்ணீருக்கு நம் வீடுகளில் பெண்கள் கடைமடை. எல்லாரும் பாய்ச்சி முடித்து மிச்சமிருந்தால் வரும். "உதவி செய்கிறேன்" என்பது மேல்மடைக்காரரின் கருணை. நமக்கு வேண்டியது முறை.

சென்ற கோடையில் சிதம்பரம் வீட்டில் அப்படி ஒரு தாள் ஒட்டினோம். பத்து வயதுக்கு மேற்பட்ட நான்கு பேருக்கும் அண்ணனுக்கும் என் கணவருக்கும் முறை. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் தோசை ஆண்கள் பொறுப்பு. முதல் வாரம் மாவு புளித்து வழிந்தது, தோசை கிழிந்தது, அண்ணனுக்குக் கோபம் வந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவரைப் போல இருந்தார். இரண்டு முறை எழுந்து உள்ளே போகப் பார்த்தார். இளைய பேத்தி மடியில் ஏறிக் கதை கேட்டதால் உட்கார்ந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிச்சாவரம் போனோம். சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அம்மா அங்கே பலமுறை வந்திருக்கிறார், புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு முறையும் கரையில் பைகளுக்குக் காவல். அன்று பையை என் கணவர் வைத்துக்கொண்டார். அம்மா படகில் ஏறினார். சுரபுன்னை வேர்களுக்கு நடுவில் படகு நுழைந்தபோது, "இவ்வளவு குளிர்ச்சியா இருக்குமா உள்ள?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான்.

ஒரு வீட்டின் தாள் முந்திரித் தோப்புப் பெண்ணின் கோடையை மாற்றாது. அதற்கு விடுமுறையிலும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் பாதுகாப்பான இடமும் வேண்டும். சம்பளமில்லாத கோடை எந்த ஆசிரியருக்கும் இருக்கக் கூடாது. ஊதியத்தோடு கூடிய விடுப்பும் ஓய்வும் எல்லாருக்கும் உரிமை என்று 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. 'எல்லாருக்கும்' என்ற சொல்லை வீட்டுக்குள்ளும் தோப்புக்குள்ளும் கொண்டுபோவது நம் பொறுப்பு.

அடுத்த ஏப்ரலில் பிள்ளைகளின் விடுமுறைத் தேதி தெரிந்ததும் காலண்டரில் குறிப்போம். அதே காலண்டரில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் விடுமுறை நாளையும் பெயரோடு எழுத வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பெயரையும் சேர்த்து. நாளே கிடைக்காமல் நிற்கும் பெயர் எது என்று பார்த்து, முறையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.