விடை சரி, கணக்கு யாருடையது?

பழவேற்காட்டில் மஃரிபு தொழுகை முடிந்து பிள்ளைகள் ஓத வந்தால், இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வரை நேரம் போவதே தெரியாது. ஓதல் முடிந்ததும் பள்ளிக்கூடப் பையைத் திறந்து உட்காருகிற பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒரு நாள், ஆறாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகள் தன் கணக்கு நோட்டை என்னிடம் காட்டினாள். பின்னங்கள் பாடம். பத்துக் கணக்கு, பத்தும் சரி. எழுத்தும் முத்து முத்தாக இருந்தது. அதிலொரு கணக்கு, 1/8ஐயும் 1/6ஐயும் கூட்டுவது. விடை 7/24 என்று எழுதியிருந்தாள்.

அது எனக்குப் பழகிய கணக்கு. மனைவியையும் தாயையும் பிள்ளைகளையும் விட்டு ஒருவர் மவுத்தானால், மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் பங்கை வரையறுத்திருக்கிறது. இருவருக்கும் கொடுத்தது போக மீதி 17/24 பிள்ளைகளுக்கு. ஆகவே ஆவலோடு, "இந்த இருபத்து நான்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். பிள்ளை பேசவில்லை. சரி, வேறொன்று போடு என்று 1/4, 1/6 கொடுத்தேன். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டி 2/10 என்று எழுதினாள்.

உம்மாவின் செல்போனில் கணக்கைப் படம் பிடித்தால் அது வரி வரியாகச் செய்து காட்டிவிடுகிறதாம். அதைப் பார்த்து நோட்டில் ஏற்றியிருக்கிறாள். நான் முகம் சுளித்ததைப் பார்த்து அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "விடை சரிதானே மாமா? அப்புறம் என்ன தப்பு?"

பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல என்பதை அன்றிரவு படுத்த பிறகு உணர்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செல்போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுங்கள் என்று சொல்பவர்களின் கட்சியில் நான் இல்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிக்கூடங்களை மூடியபோது, பிள்ளைகளின் கையில் இதை வைத்தவர்கள் நாம்தாம். கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான் அப்போது வகுப்பறை. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக இதுதான் உன் ஆசிரியர் என்று சொல்லிவிட்டு, இன்று அது ஷைத்தானின் பெட்டி என்றால் பிள்ளை எதை நம்பும்?

அதோடு, நம்மூர் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். வாப்பா மீன் வியாபாரத்துக்கோ ஏரிக்கோ விடியுமுன் போய்விடுகிறார். உம்மா பனை ஓலையில் பெட்டி முடைகிறார். வீட்டில் பின்னக் கணக்குச் சொல்லித் தர யார் இருக்கிறார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பொன்னேரியில் டியூஷன் உண்டு. இந்தப் பிள்ளைக்கு அந்தக் கண்ணாடித் துண்டுதான் டியூஷன் வாத்தியார். அதையும் ஹராம் என்று தடுத்தால், கல்விக்கு வழியில்லாதவரிடமிருந்து இருந்த ஒரு வழியையும் அடைக்கும் அநியாயமாகிவிடும்.

கேட்டுத் தெரிந்துகொள்வது மார்க்கத்தில் குறையல்ல, கடமை. அறியாதவர்கள் அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்று அந்நஹ்ல் அத்தியாயத்தில் இறைவன் ஏவுகிறான். ஒரு பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று அவர் உடனிருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார்; மரணமடைந்தார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களை எட்டியபோது கடுமையாக வருந்தினார்கள். தெரியாதென்றால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்னும் நோய்க்குக் கேள்விதான் மருந்து என்ற பொருளில் கண்டித்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வரும் செய்தி இது. கேட்காமலிருப்பதும் குற்றம், தெரியாமல் பதில் சொல்வதும் குற்றம் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. செல்போனும் சில சமயம் தவறான விடையைத் தயக்கமே இல்லாமல் சொல்கிறது. கணக்கு அறியாத பிள்ளை அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

தூரத்திலிருந்து ஒருவர் கற்றுக் கொடுத்தாலும் கல்வி கல்விதான். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்த சல்மான் கான் என்ற வங்காள வம்சாவழி இளைஞர், வேறொரு நகரில் ஏழாம் வகுப்பில் படித்த தம் உறவுப் பெண் நாதியாவுக்குத் தொலைபேசி வழியாகவும் கணினி வழியாகவும் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அலகுகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் கணக்கு அந்தப் பிள்ளைக்கு வரவில்லை. பிறகு மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்கவே, 2006இல் பாடங்களைப் படமாக்கி யூடியூபில் போட்டார். 2008இல் அதுவே கான் அகாடமி என்ற நிறுவனமாயிற்று. இன்று உலகெங்கும் பிள்ளைகள் காசின்றி அதில் படிக்கிறார்கள். நாதியாவின் நோட்டை அவர் எழுதிக் கொடுத்திருந்தால் அவளுடைய ஒரு வீட்டுப்பாடம் முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே உதவி கேட்டது தவறல்ல. பிறகு எது தவறு?

நோட்டு என்பது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஆசிரியருக்கு அந்த விடைகள் தேவையில்லை. 7/24 என்பது அவருக்கு முன்பே தெரியும். இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரியாதது. அதற்காகத்தான் நோட்டு கேட்கிறார். எனவே பிள்ளை நோட்டை நீட்டும்போது வாயைத் திறக்காமலே ஒரு சாட்சி சொல்கிறது: இதைச் செய்ய எனக்கு வரும் என்று. விடை சரியாக இருக்கலாம், சாட்சி பொய்.

சரியான சொல்லைச் சொல்பவர் பொய்யராக இருக்க முடியுமா? முடியும். அல்முனாஃபிகூன் அத்தியாயத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். நயவஞ்சகர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தாங்கள் அல்லாஹ்வின் தூதர் என்று சாட்சி கூறினார்கள். அந்தச் சொல் சத்தியமானது. அது சத்தியம் என்பதை இறைவனே அதே வசனத்தில் உறுதிப்படுத்துகிறான். ஆயினும் அதைச் சொன்னவர்கள் பொய்யர்கள் என்று அவனே சாட்சி கூறுகிறான். சொல்லின் உண்மை வேறு, சொல்பவரின் உண்மை வேறு. (ஆறாம் வகுப்புப் பிள்ளையை முனாஃபிக் என்று சொல்கிறேன் என யாரும் கிளம்பிவிட வேண்டாம். சட்டத்தை விளக்கப் பெரிய உதாரணத்தை எடுத்தேன், அவ்வளவே.)

தமக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைவுற்றவராய்க் காட்டிக்கொள்பவரைப் பொய்யின் இரண்டு ஆடைகளை உடுத்தியவருக்கு ஒப்பிட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். கணவர் தராததைத் தந்ததாகச் சக்களத்தியிடம் காட்டிக்கொள்ளலாமா என்று ஒரு பெண் கேட்டபோது சொன்னது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. யாருடைய பொருளும் அதில் திருடப்படவில்லை. யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை. இருந்தும் அதற்கு அந்தப் பெயர்.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது மடக்கினார். "நம் பிள்ளைகள் குர்ஆனைப் பொருள் தெரியாமல்தான் ஓதுகிறார்கள். அதற்கு நன்மை உண்டு என்கிறீர்கள். பொருள் தெரியாமல் கணக்கு எழுதினால் மட்டும் குற்றமா?" நல்ல கேள்வி. திருமறையை ஓதுவதே ஓர் அமல். ஓதுகிற பிள்ளை எனக்குத் தஃப்ஸீர் தெரியும் என்று யாரிடமும் காட்டிக்கொள்வதில்லை. நானும்கூடச் சில ஜும்ஆக்களில் அச்சிட்ட குத்பாக் கிதாபைப் பார்த்துத்தான் ஓதுகிறேன். கிதாப் கையிலேயே இருப்பதை ஜமாஅத்தார் அனைவரும் பார்க்கிறார்கள். மறைப்பு எங்கே வருகிறதோ அங்கேதான் குற்றமும் வருகிறது.

ஆனால் மறைப்பு மட்டும்தான் குற்றமா? "போனைப் பார்த்து எழுதினேன்" என்று அவள் ஆசிரியரிடம் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அன்று அவள் எழுதிய 2/10ஐ வைத்தே அவளுக்கு விளக்கினேன். பிள்ளை இல்லாத ஒருவர், உடன்பிறந்தவர்கள் பலர் இருக்க, மனைவியையும் தாயையும் விட்டுப் போகிறார். மனைவிக்கு 1/4, தாய்க்கு 1/6. சொத்து 60,000 ரூபாய் என்று வை. மனைவிக்கு எவ்வளவு? 15,000 என்றாள். தாய்க்கு? கொஞ்சம் யோசித்து 10,000 என்றாள். இரண்டும் 25,000. இப்போது நீ எழுதிய பத்தில் இரண்டைப் பார். விரல் விட்டு எண்ணினாள். 12,000. அந்த விதவை ஒருத்திக்கு வர வேண்டியதைவிட, இருவருக்கும் சேர்த்தே குறைவாக வருகிறது! பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். பன்னிரண்டில் மூன்றும் பன்னிரண்டில் இரண்டும் ஐந்து என்பது அதன்பின் தானாகவே வந்தது.

கணக்கறிவு நமக்கு மார்க்கத்துக்கு வெளியேயுள்ள சரக்கல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், கலீஃபா மாமூன் காலத்து பக்தாதில் குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரு நூலின் பெரும் பகுதி மரண சாசனத்தையும் பாகப்பிரிவினையையும் பற்றியது. அல்ஜீப்ரா என்ற பெயரே அந்த நூலிலிருந்து வந்தது. செல்போன் கணக்குப் போடும் முறைக்கு அல்காரிதம் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்தது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் கணவருக்குப் பாதியும் சகோதரிகள் இருவருக்கு மூன்றில் இரண்டும் சேர்ந்து 7/6 ஆன வழக்கு வந்தது. இருப்பதைவிடப் பங்கு அதிகம்! ஸஹாபாக்களைக் கலந்து, சொத்தை ஆறுக்குப் பதில் ஏழு கூறாக்கி எல்லோருக்கும் விகிதப்படி குறைத்தார்கள். பின்னத்தைக் கூட்டத் தெரிந்ததால்தான் அங்கே சிக்கல் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்தது. வாரிசுரிமையைக் கணக்கிடும் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. அதில் ஒரு வாரிசை விட்டுவிட்டு எண்ணைத் தட்டினால், தவறான பங்கையும் அது அழகாகவே காட்டும். உம்மாவின் பங்கு குறைந்திருப்பதைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

இடையில் ஒரு வாப்பா, ஏழாம் வகுப்பில் தனிவட்டிக் கணக்கு வருகிறதே, பிள்ளை அதைச் செய்யலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யட்டும். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் ஹராம். அது எப்படி ஏறுகிறது என்று அறிவது ஹராமல்ல. வலைக்கும் படகுக்கும் முன்பணம் வாங்கி, கடன் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமலே ஆயுள் முழுதும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களைக் கடற்கரையில் வாழ்கிற நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

அப்படியானால் உதவியை எப்போது கொடுப்பது? இதற்கு நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஒருவர் வந்து அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் சொல்லி, திரும்பிப் போய்த் தொழும், நீர் தொழவில்லை என்றார்கள். மறுபடி தொழுதார், மறுபடியும் அதே சொல். மூன்றாம் முறையும் அப்படியே. கடைசியில் அவர், இதைவிட நன்றாக எனக்கு வராது, கற்றுத் தாருங்கள் என்றார். அப்போதுதான் தக்பீரிலிருந்து ஸுஜூது வரை ஒவ்வொன்றாக, நிதானமாகக் கற்றுக் கொடுத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸைத் தொழுகையின் சட்டத்துக்காக எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். கற்பிக்கும் முறைக்காக இதை ஒருநாளும் பார்த்ததில்லை. முதல் தடவையே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று முறை முயன்று, தன் இயலாமையைத் தன் வாயால் ஒப்புக்கொண்ட பிறகு கிடைத்த பாடம் அந்த மனிதருக்கு மறந்திருக்காது. செல்போனுக்கு இந்தப் பொறுமை கிடையாது. கேட்ட மாத்திரத்தில் கொட்டிவிடும். ஆகவே பொறுமை நம் பக்கம் இருக்க வேண்டியதாகிறது.

என் தங்கை வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான். முதலில் தானாகச் செய்து பார்ப்பது. வராவிட்டால் மறுபடி. அப்புறமும் வராவிட்டால் போனைத் திறந்து வழியைப் பார்ப்பது. பார்த்த பிறகு மூடி வைத்துவிட்டு, எண்ணை மாற்றி இன்னொன்று தானே போடுவது. அது வந்தால் நோட்டில் ஏற்றலாம். வரவில்லை என்றால், "இது எனக்குப் புரியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவது. பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் முடித்த நோட்டைப் படம் எடுத்துப் போடும் பழக்கத்தையும் விடச் சொல்லியிருக்கிறேன். நன்மையில் ஒத்துழைக்கச் சொன்ன இறைவன் அதே வசனத்தில் பாவத்தில் ஒத்துழைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறானே. தோழிக்குப் புரியாவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கட்டும். தெரு ஒன்றும் தூரமில்லை.

பெற்றோரிடமும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை ஏன் பொய்யான நோட்டை நீட்டுகிறது? உண்மையான நோட்டை நீட்டினால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஏசுவோம். சில வீடுகளில் அடியும் விழும். செய்யாததற்குப் புகழப்படுவதை விரும்புகிறவர்களை ஆல இம்ரான் அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த விருப்பத்தைப் பத்து வயதில் ஊட்டி வளர்ப்பது யார்? முழு மதிப்பெண்ணைப் பார்த்தால் மிட்டாய் வாங்கிக் கொடுத்தவன் நானும்தான்.

போன வாரம் அந்த நோட்டு திருத்தப்பட்டு வந்தது. பத்தில் ஆறு சரி. மூன்றில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஒன்றின் கீழே, புரியவில்லை என்று அவள் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், நாளை வந்து என்னைப் பார் என்று ஆசிரியை எழுதியிருந்தார். "முன்னே பத்துக்குப் பத்து வாங்கிக்கிட்டிருந்த பிள்ளை அண்ணே" என்று தங்கை இன்னும் அங்கலாய்க்கிறாள். மறுநாள் பிள்ளை ஆசிரியையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மஃரிபுக்குப் பிறகு தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, 3/5 எப்படி 6/10 ஆகிறது என்று எனக்குச் சொல்லித் தர ஆரம்பித்தாள். இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தாள்.