பூனையின் நோயும் வினையும்

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அது முழுதாக அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மருத்துவர் அடைப்பை நீக்கினாலும் பலவற்றுக்குத் திரும்ப வருகிறது. 'அது அதன் கர்மம், நாம் ஏன் குறுக்கே நிற்கவேண்டும்?' என்று கேட்பவர்கள் உண்டு. (தங்களுக்குப் பல் வலித்தால் கர்மம் கழியட்டும் என்று இவர்கள் காத்திருப்பதில்லை.) வினைக் கோட்பாட்டைக் கறாராகப் பிடித்துக்கொண்ட சமணர்கள்தாம் குஜராத்தில் நோயுற்ற விலங்குகளுக்குப் பாஞ்சராப்போல் என்னும் காப்பகங்களை நடத்திவருகிறார்கள். வினை எதுவானாலும் அருகில் இருப்பவரின் கடமையை அது குறைப்பதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று: மனிதர்களே மருந்தின்றித் தவிக்கும்போது பூனைக்கு இவ்வளவு செலவா? தெருப்பூனை என்றால் பதில் சொல்வது கடினம். ஆனால் வீட்டுப் பூனையை உள்ளே வைத்தவர்கள் நாம். உலர்தீனி, போதாத தண்ணீர், ஓடியாட இடமில்லாத அறை, இவையெல்லாம் நாம் கொடுத்தவை. அந்த நோய்க்கு இவையும் துணைபோகின்றன. ஆகவே இது தானமல்ல, கடன். கடனுக்கும் எல்லை உண்டு. நாளை குணமாகும் என்று எண்ணி இன்றைய வலியைப் பொறுத்துக்கொள்ளப் பூனைக்குத் தெரியாது. வலியைத் தணிக்க முடிகிறவரைதான் அது சிகிச்சை. அதற்குமேல் ஆயுளை இழுத்துப் பிடிப்பது பூனைக்காக அல்ல, நமக்காக.