ஆட்டு மந்தையும் தவக்குலும்

நம்மவர்களில் ஆடு வளர்ப்போர் அநேகர். குர்பானிக்கென்று ஒன்றிரண்டைக் கொல்லையில் கட்டி வளர்ப்பவர்களும் உண்டு. ஐம்பது, நூறு என்று மந்தை வைத்திருப்பவர்களும் உண்டு. கால்நடை மருந்தகத்திலிருந்து தடுப்பூசி போட வரும்போது இவர்களில் சிலர், "ஆடு நன்றாகத்தானே மேய்கிறது, வராத நோய்க்கு ஊசி எதற்கு? ஹயாத்தும் மவுத்தும் அல்லாஹ்வின் கையில்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கேட்பதற்கு இது ஈமானின் பேச்சாகவே இருக்கிறது. கிண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சோம்பல்தான்.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருந்த காலம். அங்கே புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் செய்தி கேள்விப்பட்டு, ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்னும் கருத்தில் விடை சொன்ன உமர் (ரலி) அவர்கள், அதற்கு எடுத்துக்காட்டியது மேய்ச்சலைத்தான்! ஒரு பள்ளத்தாக்கில் ஒரு சரிவு பசுமை, மறு சரிவு வறட்சி. ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அது அவன் விதிப்படியே. இந்த வரலாறு புகாரியில் இருக்கிறது. பசுமையான பக்கம் ஓட்டுகிற மேய்ப்பன் விதியை மறுத்தவனாகமாட்டான். ஊசி போடுகிறவனும் அப்படியே.

ஆட்டுக்கொல்லி நோயை எடுத்துக்கொள்வோம். 1987ஆம் வருஷம் இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில்தான். காய்ச்சல் அடிக்கும், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகும், வாய் புண்ணாகும், கழிச்சல் கண்டு, குட்டிகள் வரிசையாகச் சாயும். கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. முன்கூட்டியே போடும் ஊசி ஒன்றே காப்பு; ஒரு முறை போட்டால் மூன்று வருஷமாவது தாங்கும். இதற்கு ஒன்றுவிட்ட உறவான மாட்டு வெக்கை நோய், தடுப்பூசியின் பயனாக 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஓதிப் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. ஓதுங்கள், ஊசியும் போடுங்கள். துஆ எந்த மருந்தையும் வேண்டாமென்று சொன்னதில்லை.

நமக்கு வருத்தம் தருவது வேறொன்று. ஊசி போடாதவரின் நஷ்டம் அவரோடு நிற்பதில்லை. ஏரிக்கரையில் அவருடைய நூறு ஆட்டோடு, கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று ஆடுகளும் மேய்கின்றன. அவளுக்கு அந்த மூன்றுதான் பிள்ளையின் பள்ளிச் செலவு. நோயுள்ள ஒட்டகத்தை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டுவரக் கூடாதென்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். நம்முடைய தவக்குலுக்கு அடுத்தவள் ஆடு விலை கொடுக்க வேண்டுமா?

இன்னும் சிலர், ஆடு தும்மத் தொடங்கியதுமே சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். குறையை மறைத்து விற்பது ஹலாலல்ல என்பது மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பணத்தில் பரக்கத்தை எங்கே தேடுவது? வாங்கியவர் வீட்டுப் பட்டிக்கும் நோய் போய்ச் சேருகிறது.

ஊசி போட வருகிற அன்று ஆடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் பட்டியிலேயே அடைத்து வையுங்கள். மருந்து பனிக்கட்டியில் வருகிறது. கலக்கிய பின் வெயிலில் காத்திருந்தால் வீணாகிவிடும். நோய் கண்ட ஆட்டை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். துள்ளுமாரிக்கு வேறு ஊசி. அதை வருஷா வருஷம் மழைக்கு முன்பே போட வேண்டும். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த ஆடுதான் அந்நோயில் துள்ளி விழுந்து சாகிறது. சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள்.

ஊசி போட்ட ஆட்டைக் குர்பானி கொடுக்கலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். தெளிவான குருடு, தெளிவான நோய், தெளிவான நொண்டி, எலும்பில் சத்தற்ற மெலிவு ஆகிய நான்கும் ஹதீஸில் வந்த குறைகள். ஊசித் தழும்பு அவற்றில் இல்லை. ஆனால் பக்ரீதுக்கு முந்திய வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். ஊசிக்குப் பின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.