வினையும் காரணமும்

தேயிலைத் தோட்டங்களால் புகழ்பெற்ற கேமரன் மலையின் ரிங்லெட் வட்டாரத்திலே, ஒரு சிறுவன் ஓயாது சிறுநீர் கழித்தாலும், பாயை நனைத்தாலும், அதனைக் குளிர் என்றோ, சோம்பல் என்றோ, பூர்வஜன்ம வினை என்றோ சொல்லி அமைதியுறுவது பெற்றோர்க்கு எளிது. வினையை நம்புகிறவன் காரணத்தை ஆராய்வது அவநம்பிக்கையாகுமா?

ஆகாது. காரணமின்றிக் காரியமில்லை என்பதே கர்மக் கொள்கையின் அடிப்படையாதலின், கண்ணெதிரே உள்ள காரணத்தை நாடுவது அக்கொள்கைக்கு இசைந்த தர்மமேயாகும். ஊழின் வலிமையை 38ஆம் அதிகாரத்தில் உரைத்த வள்ளுவரே, 95ஆம் அதிகாரத்தில் நோயின் மூலத்தை ஆராயுமாறு பணித்தார்.

அம்மூலம் பலவிடங்களில் மறைந்திருக்கும். நாட்பட்ட மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை நெருக்கலாம். தீராத தாகமும் உடல்மெலிவும் சேர்ந்தால் நீரிழிவாகலாம். முதுகின் அடியில் காணும் குழியோ மயிர்க்கற்றையோ தண்டுவடக் குறையைக் காட்டலாம். ஆண் குழந்தைகளுக்கே உரிய, பிறவியிலேயே சிறுநீர்த்தாரையை அடைக்கும் சவ்வு மடிப்போ, முக்கியும் நீர் மெலிந்தே வரும் நிலையை உண்டாக்கி, கவனியாது விட்டால் சிறுநீரகங்களையே நாசமாக்கவல்லது. ஒலியலைப் படமும், சிறுநீர் கழிக்கையில் எடுக்கும் எக்ஸ்ரேயும் அதனை வெளிப்படுத்தும்.

ஆதலின் பெற்றோரே, பிள்ளையைத் தண்டியாதீர். நீர் இறங்கும் விதத்தைக் கவனித்து, தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.