பயணச்சீட்டும் சுதந்திரமும்

மெட்ரோ ரயிலிலும் பேருந்துகளிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2019 ஜூனில் டெல்லி அரசு அறிவித்தபோது, கனமான மறுப்பு அந்த மெட்ரோவைக் கட்டி எழுப்பிய இ. ஸ்ரீதரனிடமிருந்து வந்தது. பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒன்றை நினைவூட்டினார்: 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே முதல் ரயில் ஓடியபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாயியும் சீட்டு வாங்கித்தான் ஏறினார். நாடாள்பவருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே விலை என்றால் அதைவிடச் சமத்துவம் ஏது? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விலைதான் ஒன்று, சுமை ஒன்றல்ல. வாஜ்பாயி வாங்கிய சீட்டு ஒரு மரியாதைச் சடங்கு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ அது அன்றைய கூலியில் விழும் துண்டு. இதுவரை சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதற்கு மருந்தாகச் சலுகை, மானியம், இரக்கம் என்று பேசப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சு முழுவதுமே இடம் மாறி நிற்கிறது என்பது என் கருத்து. பயணக் கட்டணம் முதலில் சுதந்திரத்தைப் பற்றிய கேள்வி. இரக்கம் அதற்குப் பிறகுதான்.

பிறர் குறுக்கிடாமல் இருப்பதே சுதந்திரம் என்ற கருத்தைத் தத்துவவாதி ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்ஃபோர்டு உரையில் விரித்துரைத்தார். அதைப் பற்றிக்கொண்டு பலரும் சொல்வது இது: ஏழையை யாரும் தடுக்கவில்லை, கையில் காசு இல்லை, அவ்வளவுதான், அது வசதிக்குறைவு, சுதந்திரக்குறைவு அல்ல. இதை மறுக்க இன்னொரு தத்துவவாதி ஜி. ஏ. கோஹன் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு ரயில் பயணம். உடன்பிறந்தவளைப் பார்க்கப் போக நினைக்கிறாள் ஓர் ஏழைப்பெண். கால் இருக்கிறது, ரயில் இருக்கிறது, இடமும் இருக்கிறது. சீட்டில்லாமல் ஏறினால் இறக்கிவிடுவார்கள். இறக்கிவிடுவது வறுமையா, மனிதர்களா? டெல்லி மெட்ரோவில் இதை விளக்கவே வேண்டாம். நிலையத்துக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது தானியங்கித் தடுப்புக் கதவும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரரும்தான். காசு இல்லாதவரை அரசே நிறுத்துகிறது. (மூன்றடிக்குக் குறைவான குழந்தை மட்டும் பெரியவரோடு இலவசமாகப் போகலாம். மெட்ரோவுக்குத் தெரிந்த இலவசம் உயரத்தை வைத்துத்தான், வருமானத்தை வைத்து அல்ல.)

அப்படியென்றால் கடையில் இருக்கும் அரிசியும் தடுப்புதானே, எல்லாவற்றையும் இலவசமாக்கிவிடலாமா என்று கேட்பார்கள். கோஹன் இதற்கு அஞ்சமாட்டார். விலை வைத்த எந்தப் பொருளும் யாரோ ஒருவருடைய சுதந்திரத்தின் எல்லை என்றே சொல்வார். நான் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அரிசியை ஒருவர் உண்டால் இன்னொருவருக்கு இல்லை. நண்பகலில் பாதி காலியாக ஓடும் ரயிலில் ஒருவர் கூடுதலாக ஏறினால் யாருடைய இடமும் பறிபோவதில்லை. அந்த ரயிலும் பொதுப்பணத்தில் கட்டப்பட்டது. காலை ஒன்பது மணிக்கு ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் இந்த வாதம் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒவ்வொரு உடலும் இன்னோர் உடலை நெருக்குகிறது.

ஸ்ரீதரனின் வலுவான வாதம் வேறு. ஒரு பிரிவுக்குக் கொடுத்தால் மாணவர், முதியவர், மாற்றுத்திறனாளிகள் என எல்லோரும் கேட்பார்கள், நிறுவனம் திவாலாகும், உதவ வேண்டுமானால் பெண்களுக்கு நேரடியாகப் பணம் கொடுங்கள் என்றார். திவாலான மெட்ரோ யாருக்கும் சுதந்திரம் தராது என்பது உண்மை. ஆனால் இந்த வாதம் கட்டணத்தை நியாயப்படுத்தும் விதத்தைக் கவனிக்க வேண்டும்: பலருடைய பயணம் நடக்க வேண்டும் என்பதற்காகச் சிலருடைய பயணத்தைத் தடுக்கிறோம் என்கிறது. அப்படியானால் கணக்குச் சொல்ல வேண்டியவர் தடுப்பவர்தான். இலவசம் கேட்பவர் கூனிக்குறுக வேண்டியதில்லை. பணமாகக் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: வீட்டுக்குள் வரும் பணம் பெண்ணின் கையிலேயே நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. சீட்டை அவளிடமிருந்து யாரும் வாங்கிச் செலவழிக்க முடியாது.

வசதியுள்ள பெண்ணுக்கும் ஏன் இலவசம் என்பது கடைசிக் கேள்வி. ஏழ்மையை நிரூபித்துவிட்டு ஏறு என்பது இன்னொரு தடுப்புக் கதவு, அதுவும் மானத்தில் இடிக்கும் கதவு என்பதே என் பதில். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபின் ‘ஓசி’ என்ற சொல் எவ்வளவு சுலபமாக நாவில் ஏறியது! கட்டணம் தருபவரும் முழுச்செலவைத் தருவதில்லை, மீதியை அரசு ஏற்கிறது என்பது அந்த ஏளனத்தில் மறைந்துபோகிறது.

டெல்லிப் பேருந்துகளில் 2019 அக்டோபர் 29 முதல் பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு வந்தது. மத்திய அரசும் சமபங்கு வைத்திருக்கும் மெட்ரோவுக்கு அது வரவில்லை. 2025 ஆகஸ்ட் 25 அன்று அங்கே குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 11 ரூபாயானது.